டக்அவுட்டில் கட்டிப்பிடித்தார்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மைதானத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தியதும் எம்மெட் ஜீல்கி செய்த முதல் காரியம், செல்போனை அணைத்து வண்டியின் முன்பெட்டிக்குள் போட்டு மூடியதுதான். போன வியாழக்கிழமை அதில் சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. அன்றைக்குத்தான் ட்ரேஸ் இரண்டு நல்ல அடி அடித்தான். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று கேட்டால் எம்மெட்டால் ஆமாம் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. எதற்கு வம்பு என்று போனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்.

ட்ரேஸ் அவருடைய மருமகன். கெட்ரிக் நாரைகள் என்ற எங்கள் ஊர் பேஸ்பால் அணியில் மூன்றாவது பேஸில், அதாவது மைதானத்தின் மூன்றாவது மூலையில், நிற்பவன். டெக்சாஸிலிருந்து முதல் வருஷம் ஆட வந்தபோது தங்க இடமில்லை. இந்த மாதிரி சின்ன அணிகளில் சம்பளம் வாடகைக்கே பத்தாது. அதனால் ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு ஆட்டக்காரனை வீட்டில் வைத்துக்கொள்வது வழக்கம். எம்மெட்டும் மாடி அறையைக் கொடுத்தார். மறு வருஷமும் வந்தான். அதற்கடுத்த வருஷம் அவருடைய மகள் கோரினைக் கல்யாணம் செய்துகொண்டான். "தங்குறதுக்கு ரூம் கேட்டான்னு பார்த்தா வீட்டையே எடுத்துக்கிட்டான்யா" என்று எம்மெட் எல்லாரிடமும் குறைபட்டுக்கொள்வார். சொல்லும்போது வாயெல்லாம் பல்லாக இருக்கும்.

இப்போது கோரினுக்கு வயிற்றில் குழந்தை. ஆகஸ்ட் நடுவில் பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த நேரம் பார்த்துத்தான் ட்ரேஸுக்கு ஆட்டம் படுத்துவிட்டது.

மே மாதம் வரைக்கும் அணியிலேயே அவன்தான் நன்றாக அடித்துக்கொண்டிருந்தான். ஜூன் பிறந்ததும் யாரோ குழாயை மூடின மாதிரி நின்றுபோயிற்று. அடித்தால் பந்து நேராக எவன் கையிலாவது போய் உட்கார்ந்துகொண்டது. இல்லையென்றால் மூன்று தடவை காற்றை வெட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தான். கை அதே கை, பேட் அதே பேட். கண் டாக்டரிடம் போனான், கண் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். அப்புறம் எங்கேதான் போயிற்று அந்த அடி?

எம்மெட்டுக்கு இந்தக் கேள்வி தலைக்குள் புகுந்த வண்டு மாதிரி ஆகிவிட்டது. கடைகளுக்குக் கண்ணாடி மாட்டுவது அவர் தொழில். ஏணி மேல் நிற்கும்போதும் அதே யோசனைதான். ஒரு தடவை அவருக்கே இப்படி நடந்திருக்கிறது. ஒரு வாரம் முழுக்க எந்தக் கண்ணாடியை அறுத்தாலும் கோணலாக விரிசல் விட்டது. அறுக்கும் கருவியை மாற்றினார், மேஜையை மாற்றினார். அடுத்த திங்கட்கிழமை தானாகச் சரியாயிற்று. ஏன் வந்தது, ஏன் போனது, இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

பார்க்கிற ஆளிடமெல்லாம் கேட்டார். தேவாலயத்துப் போதகர் பிரார்த்தனை செய்வதாகச் சொன்னார். பல் டாக்டர், "வாயை நல்லா திறங்க" என்றார். கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் ட்ரேஸிடமே கேட்டுவிட்டார். வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அவர் மனைவி நெல்டா கட்டளை போட்டிருந்தாள். அவள் உருளைக்கிழங்கு எடுக்க அடுப்படிக்குப் போன சமயம் பார்த்துக் கேட்டார்.

"ஏம்ப்பா, அங்க நிக்கிறப்ப என்னதான் தெரியுது உனக்கு?"

ட்ரேஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"முந்தியெல்லாம் பந்து மட்டும்தான் தெரியும் சார். இப்ப என்னை நானே பார்த்துக்கிட்டு நிக்கிறேன். என் முழங்கை எங்க இருக்கு, கால் எங்க இருக்குன்னு. அதுக்குள்ள பந்து போயிடுது."

கல்யாணமாகி ஒரு வருஷமாகியும் அவன் மாமனாரை சார் என்றுதான் கூப்பிட்டான். மாடியில் தங்கியிருந்த நாள் பழக்கம்.

"மாமான்னு கூப்பிடு" என்றாள் கோரின்.

"சரி. மாமா சார்" என்றான் அவன்.

சிரித்தார்கள். ஆனால் எல்லார் மனசிலும் ஒன்று உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அணியில் இத்தனை ஆள்தான் வைத்துக்கொள்ளலாம் என்று லீக்கில் ஒரு கணக்கு உண்டு. ஒருவன் உள்ளே வந்தால் ஒருவன் வெளியே போகவேண்டும். ட்ரேஸை விட்டுவிட்டால் அவன் டெக்சாஸுக்குத்தான் திரும்புவான். அங்கே அவன் அப்பாவின் தானியக் கிடங்கில் வேலை காத்திருந்தது. கோரினும் கூடப் போவாள். குழந்தையும் போகும். பிறகு எம்மெட் தன் பேரப்பிள்ளையைக் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் பார்க்கவேண்டியதுதான். மாடி அறைக்குப் போன வாரம்தான் மஞ்சள் வண்ணம் அடித்து முடித்திருந்தார்.

போன வெள்ளிக்கிழமை வில்மர் என்று ஒருவன் புதிதாக வந்து இறங்கினான். வெனிசுவேலாக்காரன். மூன்றாவது பேஸ் ஆட்டக்காரன். அவனுக்காக யார் வெளியே போவது என்று இன்னும் முடிவாகவில்லை. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எம்மெட் ராசிக்கு என்று ஹாட் டாக் ரொட்டிக்குக் கடுகு விழுது போட்டுக்கொள்வதை விட்டுவிட்டார்.

மைதானத்தில் ஹாலிஸ் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எம்மெட்டுக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் அவருக்குத்தான். எம்மெட் அதில் உட்காராமல் இரண்டு வரிசை மேலே ஏறினார்.

"யோவ், எங்க போறே?"

"இன்னிக்கு இங்க உட்காரலாம்னு பார்க்கிறேன். நீயும் வா."

"எனக்கு முட்டி வலிக்குது. அவன் அடிக்காததுக்கு என் முட்டி என்னய்யா பண்ணும்?"

"வாய்யான்னா."

ஹாலிஸ் முனகிக்கொண்டே ஏறி வந்தார். "உன்கிட்ட ஒண்ணு சொல்றேன் கேளு. பிரிண்டில் தெருவில ஒரு நாய். எட்டு வருஷம் நான் தபால் போட்டேன், வாலை ஆட்டும். திடீர்னு ஒரு நாள் கடிச்சுது. மறுநாளும் கடிச்சுது. ஒரு மாசம் பூரா கடிச்சுது. அப்புறம் பழையபடி வாலை ஆட்ட ஆரம்பிச்சிடுச்சு. அதே நாய். அதே கால்."

"நீ என்ன பண்ணே?"

"என்ன பண்றது. தபால் போட்டேன்."

எம்மெட் அதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். நாய் பக்கத்திலிருந்து யோசிப்பதா, கால் பக்கத்திலிருந்து யோசிப்பதா என்று புரியவில்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. ட்ரேஸ் முதல் தடவை அடிக்க வந்தபோது காற்றை வெட்டிவிட்டுப் போனான். இரண்டாவது தடவை பந்து பேட்டில் பட்டது, ஆனால் சின்னப்பிள்ளை உருட்டின மாதிரி எறிபவன் காலடிக்கே போய்ச் சேர்ந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "வீட்டுக்குப் போடா தம்பி, அம்மா சூப் வச்சிருக்கா."

எம்மெட் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

ஐந்தாவது சுற்று முடிந்து இடைவெளி விட்டபோதுதான் அது நடந்தது. ஆட்டக்காரர்கள் உட்காரும் கொட்டகையான டக்அவுட்டுக்குள் ஒரு ஆள் வந்து பயிற்சியாளர் கட்லர் காதில் ஏதோ சொன்னான். கட்லர் ட்ரேஸைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டு ஒரு ஓரமாகக் கூட்டிப்போனார். ட்ரேஸ் தொப்பியைக் கழற்றினான். முதல் பேஸில் நிற்கும் டோர்சி, ஆள் மலை மாதிரி இருப்பான், அவன் எழுந்து வந்து ட்ரேஸை அப்படியே கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கினான். அடுத்து இன்னொருவன். அப்புறம் வரிசையாக எல்லாரும்.

ஹாலிஸ் கையிலிருந்த வேர்க்கடலை பாதியில் நின்றது.

"கட்டிப்பிடிக்கிறானுங்க" என்றார் மெதுவாக.

மைதானத்துக்கு வருகிற யாருக்கும் இதற்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டத்தின் நடுவில் ஒருவனை எடுத்துவிட்டு, கூட இருப்பவர்கள் வரிசையாகக் கட்டிப்பிடித்தால், அவன் போகிறான். வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்கள், இல்லை சீட்டைக் கிழித்துவிட்டார்கள். மறுநாள் பத்திரிகையில் வருமுன்னால் இருக்கையில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். நாமே கண்டுபிடித்தோம் என்று அதில் ஒரு பெருமையும் உண்டு.

ட்ரேஸ் டக்அவுட்டின் பின்கதவு வழியாக ஓடி மறைந்தான். நடக்கக்கூட இல்லை, ஓடினான். பாவம், யார் முகத்திலும் விழிக்க முடியவில்லை போலிருக்கிறது என்று எம்மெட் நினைத்தார். ஆனால் ஒன்று மட்டும் விளங்கவில்லை. டோர்சி சிரித்துக்கொண்டிருந்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். ஒருவனை வெளியே அனுப்பும்போது இப்போதெல்லாம் இப்படித்தான் சிரிக்கிறார்களா?

முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பி, "நல்ல பையன்ங்க அவன். ரொம்ப நல்ல பையன்" என்றாள், செத்துப்போனவனைப் பற்றிச் சொல்கிற மாதிரி. சூப் பற்றிக் கத்தினவன் எழுந்து வந்து எம்மெட் தோளைத் தொட்டான்.

"உங்க மாப்பிள்ளைன்னு தெரியாதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"பரவாயில்ல. நானும் கத்தியிருக்கேன்" என்றார் எம்மெட்.

மூன்றாவது பேஸில் போய் நின்றது வில்மர். அடிக்க வந்தபோது முதல் பந்தையே அவன் வேலிக்கு அடித்தான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவன் அடித்தது அழகான அடி என்பது எம்மெட்டுக்கும் தெரிந்தது. கை தட்டுவதா வேண்டாமா என்று மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"கோரின்கிட்ட யார் சொல்லுவா?" என்று கேட்டார்.

"அவனே சொல்லிக்குவான். நீ போய் அவனோட பையைத் தூக்கு. அந்த நேரத்துல பையைத் தூக்க ஒரு ஆள் வேணும்" என்றார் ஹாலிஸ்.

எம்மெட் படியிறங்கி, உடை மாற்றும் அறைக்குப் போகிற இரும்புக் கதவுக்குப் போனார். அங்கே காவலுக்கு டூலி உட்கார்ந்திருந்தார். பல வருஷப் பழக்கம்.

"ட்ரேஸ் உள்ள இருக்கானா? பையை வாங்கிக்கலாம்னு வந்தேன்."

டூலி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ ஏன்யா இன்னும் இங்க நிக்கிறே?"

"ஏன், எங்க போகணும்?"

"உன் பொண்ணுக்கு ரெண்டு வாரம் முந்தியே வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயாச்சு. உன் பெண்டாட்டி ஆபீசுக்கு அஞ்சு தடவை போன் பண்ணிட்டா. உன் போன் செத்துக் கிடக்குதாமே. ட்ரேஸ் ஆணி வச்ச ஷூவோட ஓடிட்டான், ஷூவைக் கூடக் கழட்டல. எல்லாப் பசங்களும் கட்டிப்பிடிச்சு வாழ்த்திட்டு அனுப்பினாங்க. நீ பார்க்கலியா?"

எம்மெட் பார்த்தார். இரண்டு வரிசை மேலே ஏறி, நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து பார்த்தார்.

அதற்கப்புறம் அவர் வண்டியை எப்படி ஓட்டினார் என்று அவருக்கே ஞாபகமில்லை. ஹாலிஸிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அன்று சாயங்காலம் வரைக்கும் ஹாலிஸ், சூப்புக்காரன், முன்வரிசைப் பெண் மூவருமாக உட்கார்ந்து ட்ரேஸுக்காகத் துக்கம் கொண்டாடியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் நெல்டா கதவருகே நின்றாள்.

"வந்துட்டியா. மாட்ச் முடிஞ்சுதா, இல்ல மழைக்கு நிறுத்திட்டாங்களா?"

"போனு வண்டியில..."

"தெரியும். ஏன் வண்டியில இருந்துச்சுன்னும் தெரியும். முப்பத்தாறு வருஷமா உன்கூடக் குடும்பம் நடத்துறேன். உள்ள போ. நீ வர்றதுக்குள்ள பிறந்தாச்சு. பொம்பளப்புள்ள. கை, பேட் பிடிக்கிற மாதிரி இருக்குன்னு மட்டும் சொன்னே, வெளிய தள்ளிடுவேன்."

உள்ளே ட்ரேஸ் சேறு படிந்த சீருடையோடு நின்றான். ஷூவின் ஆணி தரையைக் கீறாமல் இருக்க நர்ஸ் அவன் காலில் நீல நிற பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டிருந்தாள். கோரின் களைத்துப்போய்ப் படுத்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும், "என்னப்பா, என் பிரசவத்தை விட அஞ்சாவது சுற்று பெருசாப் போச்சா?" என்றாள். ஆனால் பிள்ளையை அவர் கையில் கொடுக்கும்படி ட்ரேஸுக்குக் கண் காட்டினாள்.

ஈடித் என்று பேர் வைத்திருந்தார்கள். அவள் எம்மெட்டின் முன்கை நீளம்கூட இல்லை. பெரிய பெரிய கண்ணாடிப் பலகையெல்லாம் தூக்கி நடந்த கை அது. இப்போது அசையப் பயந்தது. முகத்தைப் பார்த்தார், காதைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். இத்தனூண்டு நகத்துக்கும் ஓரத்தில் வெள்ளைப் பிறை இருந்தது. இதையெல்லாம் யார் உட்கார்ந்து வேலை செய்திருப்பார்கள்? அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்தாள். பார்த்த முகமாகத் தெரியவில்லை என்பது போல் திரும்ப மூடிக்கொண்டாள். கை பேட் பிடிக்கிற மாதிரிதான் இருந்தது. அவர் சொல்லவில்லை.

கொஞ்சம் கழித்து இரண்டு ஆண்களும் வெளியே காப்பி குடிக்கப் போனார்கள்.

"உன்னை விட்டுட்டாங்கன்னு நினைச்சேன்" என்றார் எம்மெட்.

"தெரியும் சார். டூலி போன்ல சொன்னாரு." அவன் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. "மூணு நாள் லீவு. அது வரைக்கும் வில்மர் ஆடுவான். அதுக்கப்புறம் எனக்கும் தெரியல. கோச் ஒண்ணும் சொல்லல. வேலிக்கு அடிச்சானாமே?"

"அடிச்சான்."

"நல்ல அடியா?"

எம்மெட் பொய் சொல்லத் தெரியாதவர். "ரொம்ப நல்ல அடி."

ட்ரேஸ் தலையாட்டினான். "ஒண்ணு தெரியுமா? அவ பிறந்ததுல இருந்து இப்ப வரைக்கும் முழங்கைய நான் நினைக்கவே இல்ல. நீங்க கேட்டப்புறம்தான் ஞாபகம் வருது."

அந்த மூன்று நாளும் வில்மர் அடித்துத் தள்ளினான். எம்மெட் வானொலியில் கேட்டார். குழந்தை வீட்டுக்கு வந்ததிலிருந்து, அவன் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் மஞ்சள் அறையில் தூங்குகிற குழந்தையைப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

புதன்கிழமை காலையில் கட்லரிடமிருந்து ட்ரேஸுக்குப் போன் வந்தது. அவன் கொல்லைப்பக்கம் போய்ப் பேசினான். எம்மெட் அடுப்படியில் பால் புட்டியைக் கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாக அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அவன் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"வில்மர் மூணாவது பேஸ்லயே இருப்பானாம். என்னை முதல் பேஸ்ல நிக்கச் சொல்றாரு. இன்னிக்கு சாயங்காலமே."

எம்மெட் புட்டியைக் கீழே வைத்தார். "அப்ப இங்கயேதான்."

"இங்கயேதான்."

எம்மெட்டுக்குக் கால் நிற்கவில்லை. மாடிக்கு ஓடிப்போய் நெல்டாவிடமும் கோரினிடமும் சொன்னார். தூங்குகிற ஈடித்திடமும் சொன்னார். திரும்பி இறங்கி வந்தபோது ட்ரேஸ் அதே நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தான். சந்தோஷப்படுகிறவன் உட்கார்கிற மாதிரி அது இல்லை. அப்போதுதான் எம்மெட்டுக்கு உறைத்தது.

"முதல் பேஸ்னா... டோர்சி?"

"விட்டுட்டாங்க."

சாயங்காலம் ஆட்டத்துக்கு எம்மெட் நேரத்தோடுதான் போனார். வண்டி நிறுத்துமிடத்தின் கடைசியில் டோர்சி தன் பழைய காரின் கூரை மேல் ஒரு மெத்தையை ஏற்றி, கயிறு போட்டுக் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் சரிந்தது. மைதானத்துக்குள் தேசிய கீதம் முடிந்து கூட்டம் உட்காருகிற சத்தம் கேட்டது. எம்மெட் நுழைவாயில் வரைக்கும் போனார். நின்றார். திரும்பி நடந்தார்.

நாற்பது வருஷமாக அவர் இந்த மைதானத்துக்கு வருகிறார். யாரைச் சேர்க்கவேண்டும், யாரைக் கழிக்கவேண்டும் என்று அவரும் ஹாலிஸும் பேசாத நாளில்லை. கழித்தவன் மறுநாள் எங்கே போவான் என்று அவருக்குத் தெரியாது. யாரையும் கேட்டதில்லை.

"எங்கப்பா போறே?" என்றார்.

டோர்சி திரும்பிப் பார்த்தான். "முதல்ல பியோரியாவுல தங்கச்சி வீட்டுக்கு சார். அவ புருஷன் சாக்கடைக் குழாய் வேலை பார்க்கிறான். ஒரு கை வேணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கான். நடுவுல எந்த டீமாவது கூப்பிட்டா போவேன். கூப்பிடலேன்னா குழாய்தான்." கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தான். "புள்ள எப்படி இருக்கு? போட்டோ வச்சிருக்கீங்களா?"

எம்மெட் போனை எடுத்துக் காட்டினார். இன்றைக்கு அது சட்டைப் பையில்தான் இருந்தது. டோர்சி அந்தப் பெரிய தலையைக் குனிந்து, வெயிலைக் கையால் மறைத்துப் பார்த்தான்.

"கை பேட் பிடிக்கிற மாதிரி இருக்கு" என்றான்.

"சத்தமா சொல்லாதே. வீட்டுக்குத் தெரிஞ்சா வம்பு."

"ட்ரேஸ்கிட்ட சொல்லுங்க சார். முதல் பேஸ்ல, அந்த வலது பக்க ஓரத்துல மண்ணு கொஞ்சம் மேடு. பந்து அங்க தவளை மாதிரி எகிறும். எனக்கு ஒரு வருஷம் ஆச்சு கண்டுபிடிக்க."

"சொல்றேன்."

எம்மெட் காரின் மறுபக்கம் போய்க் கயிற்றின் நுனியைப் பிடித்தார். கண்ணாடி கட்டிப் பழகின கை. எங்கே இறுக்கவேண்டும், எங்கே விடவேண்டும் என்று அதற்குத் தெரியும். இருவருமாக மெத்தையை நடுவுக்குக் கொண்டு வந்தார்கள். உள்ளே ஒலிபெருக்கி ட்ரேஸ் பேரைச் சொன்னது. இருவரும் அசையாமல் நின்றார்கள்.

பேட்டில் பந்து பட்ட சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. காய்ந்த கட்டையை ஒரே வெட்டில் பிளந்த மாதிரி இருந்தது.

"நல்லா பட்டிருக்கு" என்றான் டோர்சி. காதைச் சாய்த்துக் கேட்டான். "ஆனா சொல்ல முடியாது. எவன் கையிலாவது போயிருக்கும்."

கூட்டம் ஒரு நொடி மூச்சுப் பிடித்தது. அப்புறம் பெரிதாகச் சத்தம் போட்டது. அது எந்தச் சத்தம் என்று எம்மெட்டால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"போய்ப் பாருங்க சார். நான் கட்டிக்கிறேன்."

"நீ அந்தப் பக்கம் இழுத்துப் பிடி" என்றார் எம்மெட். "பியோரியா வரைக்கும் இது நிக்கணும்."